கேஸ் முடிந்ததா, கசிந்ததா? வீட்டுக் குளிரூட்டிகளும் மாறிவரும் வாயு விதிகளும்

 

இப்பொதுச் சொற்பொழிவு வரிசையில் இலக்கணமும் இலக்கியமும் பேசப்படுவதே மரபு. அந்த மேடையில் நாங்கள் குளிரூட்டியைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். எனினும் இப்பொருளில் மொழிக்கு ஒரு பங்கு உண்டு. ஒரு வினைச்சொல்லைத் தவறாக ஆள்வதால் நம் வீடுகளில் பணம் வீணாவதையும், நம் இளைஞர் சிலர் ஆபத்தின் அருகே நின்று வேலை செய்வதையும் நாங்கள் கண்டிருக்கிறோம். அவ்வினைச்சொல்லில் தொடங்கி, உலக நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கைகள் வரை சென்று, மீண்டும் நம் வீட்டுச் சுவருக்கே திரும்பி வருவது இவ்வுரையின் வழி.

ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த இலக்கணத்தைப் படித்த நாம், ஏறத்தாழ ஒரே பொழுது நிலவும் ஊரில் வாழ்கிறோம். கெலுகோரின் ஒருபுறம் கடல். மறுபுறம் புக்கிட் கம்பிர் மேடு. மிண்டன் வளாகத்தில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். கரையோரத்தில் 1985-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தின் தீவுப்புற முனை. இடையே அடுக்குமாடிகளும் வரிசை வீடுகளும். இரவிலும் வெப்பம் தணிவது குறைவு. காற்றின் ஈரம் தணிவது அதனினும் குறைவு. ஒரு காலத்தில் செல்வர் வீட்டுப் பொருளாக இருந்த குளிரூட்டி இன்று நடுத்தரக் குடும்பத்தின் படுக்கையறைப் பொருளாகிவிட்டது. முதியோரும் நோயுற்றோரும் உள்ள வீட்டில் அது ஆடம்பரம் என்று எவரும் சொல்லத் துணியார்.

ஒரு வினைச்சொல்லின் விலை

எங்கள் இல்லத்தில் நிகழ்ந்ததையே முதலில் சொல்கிறோம். படுக்கையறையில் 2009-ஆம் ஆண்டு பொருத்தப்பட்ட ஒரு குதிரைத்திறன் குளிரூட்டி இருந்தது. அவ்வறையில் உறங்குபவர் எங்கள் தாயார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் குளிர்ச்சி குறைந்தது. பழுதுபார்க்க வந்த இளைஞர் அளவுமானியை இணைத்துப் பார்த்துவிட்டு, "அங்கிள், கேஸ் முடிஞ்சிருச்சு; டாப்-அப் பண்ணணும்" என்றார். நாங்களும் தலையசைத்தோம். அடுத்த மூன்று ஆண்டுகளில் நான்கு முறை அதே சொல், அதே தலையசைப்பு. ஒவ்வொரு முறையும் கட்டணம் முந்தையதைவிடக் கூடியது. ஏன் கூடுகிறது என்று கேட்டால், "இந்தக் கேஸ் இப்ப கிடைக்கிறதே இல்ல" என்பதே விடை.

அந்த இளைஞரிடம் வஞ்சகம் இருந்ததாக நாங்கள் கருதவில்லை. அவரும் நாங்களும் ஒரே சொல்லை நம்பினோம். நம் வீட்டில் 'கேஸ்' என்றால் சமையல் எரிவாயு. அது எரியும், குறையும், முடியும். முடிந்தால் புது உருளை வாங்குவோம். அப்பழக்கத்தை அப்படியே குளிரூட்டிக்கும் ஏற்றிவிட்டோம். குளிரூட்டியில் உள்ள வாயுவோ எரிபொருளன்று. அது எரிந்து தீர்வதில்லை. மூடிய செம்புக் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. வீட்டினுள் இருக்கும் சுருளில் நீர்மம் ஆவியாகி அறையின் வெப்பத்தை ஏற்கிறது. கம்பிரசர் என்று நாம் சொல்லும் அமுக்கி அவ்வாவியை அழுத்துகிறது. வெளிப்பெட்டியின் சுருளில் வெப்பத்தைக் கைவிட்டு அது மீண்டும் நீர்மமாகிறது. மறுபடியும் உள்ளே வருகிறது. குழாயில் பழுதில்லையென்றால், தொழிற்சாலையில் இட்ட வாயுவே இயந்திரத்தின் ஆயுள் முழுதும் போதும்.

ஆகவே குளிரூட்டியில் கேஸ் 'முடிவதில்லை', 'கசிகிறது'. 'முடிந்தது' என்றால் நிரப்புவதே தீர்வு. 'கசிந்தது' என்றால் எங்கே கசிகிறது என்று தேடுவதே முதல் வேலை. ஐந்தாம் முறை வந்த வேறொரு தொழில்வல்லுநர், நிரப்புவதற்கு முன் சோப்பு நீரைத் தடவிப் பார்த்தார். வெளிப்பெட்டியில் செம்புக் குழாய் சேரும் மூட்டில் குமிழிகள் எழுந்தன. அந்த மூட்டைச் சுற்றி எண்ணெய்க் கறை படிந்திருந்ததும் அப்போதுதான் எங்கள் கண்ணிற்பட்டது. வாயுவோடு உயவெண்ணெயும் கசியுமாதலால், கசிவுள்ள இடத்தில் எண்ணெய்க் கறை படிவது வழக்கம். மூன்று ஆண்டுக் கட்டணத்தைச் சில நிமிடச் சோப்பு நீர் மிச்சப்படுத்தியிருக்கும்.

வாயுக்களின் வரலாறு

'இந்தக் கேஸ் இப்போது கிடைப்பதில்லை' என்ற விடையில் மட்டும் உண்மை இருந்தது. அதனை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

குளிர்பதன இயந்திரங்களின் தொடக்க காலத்தில் அம்மோனியா, கந்தக டைஆக்சைடு, மெத்தில் குளோரைடு போன்ற வாயுக்களே பயன்பட்டன. அவை நஞ்சு, கசிந்தால் உயிருக்கு ஆபத்து. 1920-களின் இறுதியில் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லியும் அவர் குழுவினரும் குளோரினும் புளோரினும் சேர்ந்த புதிய சேர்மங்களைக் குளிர்பதனத்திற்கு அறிமுகம் செய்தனர். அவை எரியவில்லை; நஞ்சாகவும் இல்லை. வீட்டுக்குள் குளிர்பதனப் பெட்டி அச்சமின்றி நுழைந்தது அதனால்தான். குளிர்பதனப் பெட்டிகளில் ஆர்-12, வீட்டுக் குளிரூட்டிகளில் ஆர்-22 என்பவை நிலைபெற்றன.

1974-இல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற இரு வேதியியலாளர்கள், அச்சேர்மங்கள் வான்மண்டலத்தின் உயரத்திற்குச் சென்று சிதைந்து, அவற்றிலிருந்து விடுபடும் குளோரின் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று காட்டினர். 1985-இல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் மெலிந்திருப்பதைப் பிரித்தானிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். 1987 செப்டம்பர் 16-ஆம் நாள் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. மலேசியா 1989-இல் அதில் இணைந்தது. மொலினா, ரோலண்ட் இருவரும் பால் குருட்சனோடு 1995-இல் வேதியியலுக்கான நோபெல் பரிசு பெற்றனர்.

ஆர்-12 போன்ற முதல் வகைச் சேர்மங்கள் 2010-க்குள் வளரும் நாடுகளிலும் கைவிடப்பட்டன. ஆர்-22 ஓசோனைக் கெடுக்கும் ஆற்றல் குறைந்தது. எனவே அதற்குக் கூடுதல் காலம் தரப்பட்டது. நம்மைப் போன்ற வளரும் நாடுகளுக்கான அட்டவணை இது: 2009, 2010 ஆகிய ஈராண்டுகளின் சராசரிப் பயன்பாடு அடிப்படை, 2013-இல் அதற்கு மேற்போகாமல் உறைநிலை, 2015-இல் 10 விழுக்காடு குறைப்பு, 2020-இல் 35 விழுக்காடு, 2025-இல் 67.5 விழுக்காடு, 2030-இல் முழுமையான நிறுத்தம். அதன்பின் 2040 வரை, ஏற்கெனவே உள்ள இயந்திரங்களைப் பழுதுபார்ப்பதற்கென ஆண்டுக்குச் சராசரியாக 2.5 விழுக்காடு மட்டும் இடம் உண்டு.

இவ்வெண்களை வீட்டு மொழியில் சொல்வோம். முன்பு சந்தையில் நூறு உருளை ஆர்-22 இருந்ததென்றால், 2025 பிறந்தபோது அது முப்பத்திரண்டரை உருளைக்கு மேற்படக் கூடாது. இயந்திரங்களோ அதே வேகத்தில் குறையவில்லை. எங்கள் தாயாரின் அறையில் ஒவ்வொரு முறையும் கட்டணம் ஏறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் மாற்றம்

ஆர்-22 போனபின் வந்தது ஆர்-410ஏ. இது ஆர்-32, ஆர்-125 என்ற இரு வாயுக்களின் சமபங்குக் கலவை. இதில் குளோரின் இல்லை, ஓசோனுக்குக் கேடில்லை. ஆனால் இன்னொரு குறை இருந்தது. ஒரு வாயு காற்றில் கலந்தால் நூறு ஆண்டுகளில் அது புவியை எவ்வளவு வெப்பமாக்கும் என்பதைக் கரியமில வாயுவோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண் ஒன்று உண்டு. அரசாங்கங்களும் உடன்படிக்கைகளும் ஆளும் கணக்கின்படி ஆர்-22-க்கு அவ்வெண் 1,810, ஆர்-410ஏ-க்கு 2,088. ஓசோனைக் காக்கப் போய் வெப்பத்தைக் கூட்டிக்கொண்டோம் என்பது அதன் பொருள்.

அக்குறையைக் களைய 2016 அக்டோபரில் ருவாண்டா நாட்டின் கிகாலி நகரில் மாண்ட்ரியல் உடன்படிக்கைக்கு ஒரு திருத்தம் செய்யப்பட்டது. 2019-இன் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. மலேசியா 2020-இல் அதனை ஏற்றது. நம் நாடு உள்ளடங்கிய பிரிவிற்கு 2024-இல் உறைநிலை. 2029-இல் 10 விழுக்காடு, 2035-இல் 30, 2040-இல் 50, 2045-இல் 80 விழுக்காடு குறைப்பு. இந்தியா வேறு பிரிவில் உள்ளது; அதன் உறைநிலை 2028-இல்தான் தொடங்குகிறது. சென்னையிலுள்ள உறவினர் சொல்லும் ஆண்டுக் கணக்கும் நம் கணக்கும் வேறுபடுவது இதனால்தான்.

இன்று கடைகளில் நாம் காணும் புதிய சுவர்க் குளிரூட்டிகளில் பெரும்பான்மையும் ஆர்-32 கொண்டவை. ஆர்-410ஏ கலவையின் ஒரு பாதியான அதே வாயு இது. தனித்து நிற்கும்போது அதன் வெப்பமூட்டும் எண் 675 மட்டுமே. ஐரோப்பிய ஒன்றியம் 3 கிலோவிற்குக் குறைவான வாயு கொண்ட தனிப்பிளவுக் குளிரூட்டிகளில் இவ்வெண் 750-க்குக் கீழ் இருக்க வேண்டுமென்று 2025 முதல் விதித்திருக்கிறது. உலகின் பெரிய உற்பத்தியாளர்கள் எல்லாச் சந்தைகளுக்கும் பொருந்தும் இயந்திரங்களையே செய்ய விரும்புவர். அங்கே எழுதப்படும் விதி கெலுகோர் கடையின் அலமாரியிலும் தெரிகிறது.

சட்டம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

இத்தனை ஆண்டுகளையும் எண்களையும் கேட்ட முதியவர் ஒருவர் எங்களிடம், "அப்படியென்றால் நம் பழைய ஏர்கோனை அரசாங்கம் பிடுங்கிக்கொண்டு போய்விடுமா, தம்பி?" என்று கேட்டார். அவ்வச்சத்தை முதலில் நீக்க வேண்டும். மேற்சொன்ன அட்டவணைகள் வாயுவின் உற்பத்தியையும் இறக்குமதியையும் கட்டுப்படுத்துகின்றன. உங்கள் சுவரில் இருக்கும் பழைய இயந்திரத்தை நீங்கள் இயக்கக் கூடாதென்று அவை சொல்லவில்லை. கசிவில்லாத ஆர்-22 இயந்திரம் ஒன்று இன்னும் பல ஆண்டுகள் ஓடலாம். அதனை வைத்திருப்பவர் குற்றவாளி அல்லர்.

அவை சொல்வது வேறு. மலேசியாவில் குளிர்பதன வாயுக்களின் மேலாண்மைக்கெனச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 1999-இல் ஒழுங்குவிதிகள் செய்யப்பட்டன. 2020-இல் அவற்றின் இடத்தில் புதிய ஒழுங்குவிதிகள் வந்தன. வாயுவை வேண்டுமென்றே காற்றில் விடக் கூடாது. அதனை மீட்டெடுக்க வேண்டும். பயிற்சி பெற்றுச் சான்றிதழ் உடையவர்களே அவ்வேலையைச் செய்ய வேண்டும் என்பவை அவற்றின் உட்கருத்து. கடமை பெரும்பாலும் தொழில் செய்வோரைச் சார்ந்தது. எனினும் கேட்கும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு. "உங்களிடம் சுற்றுச்சூழல் துறையின் பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறதா?" என்று கேட்பதில் அவமதிப்பு ஏதுமில்லை. நல்ல தொழில்வல்லுநர் அதனைப் பெருமையோடு காட்டுவார்.

நிரப்புவதா, பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

நடைமுறைக்கு வருவோம். குளிர்ச்சி குறைந்தால் முதலில் வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். தூசி அடைந்த வடிகட்டியும், அழுக்குப் படிந்த சுருளும் வாயுக் குறைவைப் போன்ற தோற்றத்தையே தரும். சாதாரணத் துப்புரவும், தேவையானால் கெமிக்கல் வாஷும் முடிந்தபின்பும் குளிர்ச்சி வரவில்லையென்றால்தான் வாயுவைப் பற்றிய ஐயம் எழ வேண்டும்.

வாயு குறைந்திருப்பது உறுதியானால் மூன்று கேள்விகள் கேளுங்கள். முதலாவது, எங்கே கசிகிறது? இரண்டாவது, அக்கசிவை அடைக்க முடியுமா? மூன்றாவது, இயந்திரத்தின் பெயர்த்தகட்டில் எழுதப்பட்டிருக்கும் வாயு எது, அதன் எடை எவ்வளவு? கசிவு மூட்டில் இருந்தால் அடைப்பது எளிது. சுருளே அரித்திருந்தால் கதை வேறு. கடலோரக் காற்றில் உப்பு உண்டு. வெளிப்பெட்டியின் உலோகத் தகடுகளையும் குழாய்களையும் அது மெல்ல மெல்ல அரிக்கிறது. பத்து ஊபான் பக்கம் கடல் நோக்கிய மாடங்களில் வைக்கப்பட்ட பெட்டிகளின் நிலையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று.

எங்கள் இல்லத்தில் முதலில் மூட்டை அடைத்தோம். ஓராண்டு நன்றாக ஓடியது. பின்னர்ச் சுருளிலேயே கசிவு கண்டது. அப்போதுதான் மாற்ற முடிவு செய்தோம். ஆர்-22 இயந்திரம், பதினைந்து ஆண்டு வயது, சுருளில் அரிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால் இனி அதற்குச் செலவிடுவது வீண் என்பதே எங்கள் கருத்து. மூன்றில் ஒன்று மட்டும் இருந்தால் அவசரப்பட வேண்டுவதில்லை.

புதியது வாங்கும்போது எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரையைப் பாருங்கள். ஐந்து நட்சத்திரமே உச்சம். வாயுவின் பெயரைக் கேட்கும் அளவுக்கு மின்சாரக் கணக்கையும் கேட்க வேண்டும். ஏனெனில் ஒரு குளிரூட்டியின் வாழ்நாள் கேடு, கசியும் வாயுவால் மட்டுமன்றி அது உண்ணும் மின்சாரத்தாலும் நேர்கிறது. அறைக்குத் தேவையான திறனைவிடப் பெரிய இயந்திரம் வாங்குவது கௌரவம் என்ற எண்ணமும் நம்மிடையே உண்டு. தேவைக்கு மீறிய திறன் கொண்டது விரைந்து குளிர்வித்து நின்றுவிடும். காற்றின் ஈரத்தை நீக்க அதற்கு நேரமே கிடைப்பதில்லை. ஈரம் மிகுந்த நம் ஊரில் அது குளிர்ந்த புழுக்கத்தையே தரும்.

ஒன்றின் இடத்தில் இன்னொன்று

இனி நாங்கள் சொல்லப் போவது இவ்வுரையின் மிக முதன்மையான பகுதி. ஆர்-22 அரிதாகி விலை ஏறும்போது, "வேறு கேஸ் போட்டுத் தருகிறேன், விலை குறைவு" என்ற பேச்சு எழும். இதனை ஏற்காதீர்கள்.

ஒவ்வொரு இயந்திரமும் ஒரு குறிப்பிட்ட வாயுவிற்கென்றே கட்டப்படுகிறது. ஆர்-410ஏ வாயுவின் அழுத்தம் ஆர்-22-இன் அழுத்தத்தைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு. ஆர்-22 இயந்திரத்தின் குழாயும் அமுக்கியும் அதனைத் தாங்குவதற்கென அமைக்கப்பட்டவையல்ல. அவற்றுள் இருக்கும் உயவெண்ணெயும் வேறு. புதிய வாயுக்களுக்குப் பழைய கனிம எண்ணெய் பொருந்தாது.

எரியும் தன்மை இன்னொன்று. ஆர்-22, ஆர்-410ஏ இரண்டும் எரியாதவை. ஆர்-32 மெல்ல எரியும் தன்மையுடையது எனப் பன்னாட்டுத் தரநிலை வகைப்படுத்துகிறது. அதற்கென வடிவமைத்த இயந்திரத்தில், முறையாகப் பொருத்தினால், அஞ்சத் தேவையில்லை. எரியாத வாயுவிற்கெனச் செய்த இயந்திரத்தில் அதனை நிரப்புவது வேறு செயல். இவற்றினும் கொடியது புரோப்பேன். குளிர்பதனத் தொழிலில் அதன் பெயர் ஆர்-290. அதன் வெப்பமூட்டும் எண் மிகமிகக் குறைவு; அதற்கெனவே செய்யப்பட்ட, அளவு கட்டுப்படுத்தப்பட்ட இயந்திரங்களில் அது நல்ல எதிர்காலமுள்ள வாயு. ஆனால் பழைய ஆர்-22 இயந்திரத்தில் அதனை நிரப்பினாலும் இயந்திரம் ஓடும்; குளிரவும் செய்யும். அதுவே ஆபத்து. நம் அடுப்படி உருளையிலுள்ள எரிவாயுவின் ஒரு பகுதி இப்புரோப்பேன்தான். மூடிய படுக்கையறையில் அது கசிந்தால் ஒரு மின்பொறி போதும். அடுத்த முறை பழுதுபார்க்க வருபவர், உள்ளே இருப்பது ஆர்-22 என்று நம்பிச் சுடர்விளக்கால் குழாயைப் பற்றவைக்க முனைவார். தகட்டில் ஒரு பெயர், குழாயில் வேறொரு வாயு என்ற பொய்யை அவர் தம் முகத்தருகே எதிர்கொள்வார்.

தொடக்கத்தில் 'கேஸ்' என்ற சொல் நம்மை ஏமாற்றிற்று என்றோம். அடுப்படிக் கேஸும் அறைக் கேஸும் ஒன்றென்று எண்ணியது அன்று பிழை. இன்று, சில இடங்களில், அவை உண்மையாகவே ஒன்றாகிவிடக் கூடும். எது எந்தக் கேஸ் என்று பெயரிட்டுச் சொல்வது இனிப் பாதுகாப்புக்குரிய செயல்.

பழையது எங்கே போகிறது?

புதியது பொருத்தும் நாளில் பழையதை யார் கழற்றுகிறார், எப்படிக் கழற்றுகிறார் என்று நின்று பாருங்கள். முறையாகச் செய்பவர் இயந்திரத்தை ஓடவிட்டு வால்வை மூடி, வாயுவை வெளிப்பெட்டிக்குள் திரட்டிக்கொள்வார்; அல்லது மீட்புக் கருவியால் உருளைக்குள் ஏற்றிக்கொள்வார். அவசரக்காரர் குழாயை வெட்டிவிடுவார். ஒரு சீறல் கேட்கும், அவ்வளவுதான். செம்பு பழைய இரும்புக் கடைக்குப் போகும்.

அச்சீறலின் அளவு என்ன? ஒரு கிலோ ஆர்-22 காற்றில் கலந்தால், மேற்சொன்ன கணக்கின்படி அது 1,810 கிலோ கரியமில வாயுவிற்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது. ஆக ஒரு கிலோ ஆர்-22-இன் சீறல், ஏறத்தாழ 780 லிட்டர் பெட்ரோல் எரிப்பதற்கு ஒப்பாகும். எங்கள் இல்லத்தில் நான்கு முறை நிரப்பியதும் ஏறத்தாழ ஒரு கிலோ என்று மதிப்பிடுகிறோம். காரைக் குறைத்து ஓட்டிச் சேமித்ததாக நாங்கள் எண்ணியிருந்ததெல்லாம் படுக்கையறைச் சுவர் வழியே போயிருக்கிறது. இதனைச் சொல்வதற்கு எங்களுக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் சொல்லாமல் விட்டால் இவ்வுரைக்குப் பொருளில்லை.

யார் சுமப்பது?

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழுகிறது. ஓசோனைக் கெடுத்த வாயுக்களைப் பல பத்தாண்டுகள் மிகுதியாகப் பயன்படுத்தியவை செல்வ நாடுகள். அதன் செலவைக் கெலுகோர் அடுக்குமாடியில் வாழும் ஓய்வூதியர் ஏன் சுமக்க வேண்டும்? உடன்படிக்கையை எழுதியவர்களும் இக்கேள்வியை அறிந்திருந்தனர். வளரும் நாடுகளுக்குக் கூடுதல் ஆண்டுகள் தந்ததும், அவற்றின் தொழிற்சாலைகள் மாறுவதற்கும் தொழிலாளர் பயிற்சி பெறுவதற்கும் பலநாட்டு நிதியம் ஒன்றை அமைத்ததும் அதனால்தான். ஆனால் அந்நிதி தொழிற்சாலை வாயிலோடும் பயிற்சிக் கூடத்தோடும் நின்றுவிடுகிறது. பழைய இயந்திரம் வைத்திருக்கும் வீட்டுக்காரரின் கைக்கு அது நேரே வருவதில்லை. வாடகை வீட்டில் இருப்பவர் நிலை இன்னும் இக்கட்டானது. இயந்திரம் உரிமையாளருடையது, மின்கட்டணம் குடியிருப்பவருடையது. மலிவான பழைய இயந்திரத்தை மாற்ற உரிமையாளருக்கு ஊக்கமில்லை. மாற்றக் குடியிருப்பவருக்கு உரிமையில்லை. சிக்கன மின்கருவி வாங்குவோர்க்கு அரசு அவ்வப்போது தந்த கழிவுத் தொகைகள் நல்லவை. இவ்விரு சாராரையும் கருத்திற்கொண்டு அவை விரிவடைய வேண்டுமென்று நாம் கேட்கலாம்.

அதே வேளையில், இவ்வுடன்படிக்கை பலன் தந்ததையும் மறக்கலாகாது. உலக நாடுகள் அனைத்தும் ஏற்ற உடன்படிக்கை இது. இப்போதைய கொள்கைகள் தொடர்ந்தால் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் 2066-ஐ ஒட்டி 1980-ஆம் ஆண்டின் நிலைக்குத் திரும்பும் என்று அறிவியலாளர் கணித்திருக்கின்றனர். கிகாலித் திருத்தம் முழுமையாக நிறைவேறினால், இந்நூற்றாண்டின் இறுதிக்குள் 0.5 பாகை செல்சியசு வரை வெப்ப உயர்வைத் தவிர்க்கலாம் என்பதும் அவர்கள் கணிப்பு. நாம் செலுத்தும் விலைக்குப் பயன் இருக்கிறது.

மொழி மன்றத்தின் பணி

இறுதியாக, இம்மன்றத்திற்கு எங்கள் வேண்டுகோள்.

நம் பகுதியில் குளிரூட்டி பழுதுபார்க்கும் தொழிலில் தமிழ் இளைஞர் பலர் இருக்கின்றனர். அவர்கள் கையிலுள்ள கையேடுகள் ஆங்கிலத்தில் உள்ளன. பயிற்சி மலாயிலும் ஆங்கிலத்திலும் நடைபெறுகிறது. இயந்திரத்தின் மேல் ஒட்டிய எச்சரிக்கையில் தீச்சுடர்ப் படம் இருக்கிறது. அதன் பொருளை வீட்டிலுள்ள பாட்டிக்குச் சொல்லத் தமிழ் வாசகம் இல்லை. 'குளிரூட்டி' என்ற சொல்லை இயந்திரத்திற்கும் ஆள்கிறோம், உள்ளே ஓடும் வாயுவிற்கும் ஆள்கிறோம். இரண்டும் வேறு என்பதைக் காட்ட, வாயுவைக் 'குளிர்பதன வாயு' என்று பிரித்து வழங்கலாம் என்பது எங்கள் பரிந்துரை. 'ஏர்கோன்' என்றும் 'கேஸ்' என்றும் மக்கள் பேசுவதை நாம் தடுக்க இயலாது, தடுக்கவும் வேண்டுவதில்லை. பெயர்ச்சொல் எதுவாயினும் ஆகட்டும். வினைச்சொல்லை மட்டும் திருத்துவோம்.

இரு பக்கத்தில் ஒரு துண்டறிக்கை போதும். இயந்திரத்தின் எந்தத் தகட்டில் வாயுவின் பெயர் இருக்கும், பழுதுபார்க்க வருபவரிடம் எவற்றைக் கேட்க வேண்டும், எவற்றுக்கு உடன்படக் கூடாது என்பவற்றை எளிய தமிழில் அச்சிட்டு, கோயில் வளாகத்திலும் அடுக்குமாடி அறிவிப்புப் பலகையிலும் வைக்கலாம். தொழில்நுட்பம் அறிந்தவர்களும் தமிழ் அறிந்தவர்களும் ஒரு மேசையில் அமர்ந்தால் ஒரு மாலைப்பொழுதில் முடியும் வேலை அது. அம்மேசையில் அமர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இன்றிரவு இல்லம் திரும்பியதும் உங்கள் குளிரூட்டியின் வெளிப்பெட்டியில் ஒட்டியுள்ள தகட்டை ஒருமுறை படித்துப் பாருங்கள். ஆர் என்ற எழுத்தும் அதன் அருகே ஓர் எண்ணும் இருக்கும். அதனைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை எவரேனும் வந்து "கேஸ் முடிஞ்சிருச்சு" என்று சொன்னால், சினம் கொள்ளாமல், ஒரு குவளைத் தேநீர் கொடுத்து, "எங்கே கசியுது, தம்பி?" என்று கேளுங்கள்.